இரட்டை ஸ்பீக்கர் பெட்டி

அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தோட்டமும் தெரியாது, தெருவும் தெரியாது. ஏதாவது ஒரு காரின் பின்பக்கம்தான் தெரியும். டிக்கி திறந்திருக்கும். உள்ளே யாராவது இடுப்புவரை நுழைந்திருப்பார்கள். வீட்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரை இறக்கிய கொட்டகை அது. கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக் கொடுக்கும் வேலை அங்கே நடந்தது. ஜன்னல் வழியாகத் தேநீர் வெளியே போகும். மரத்தூளும் ஈயம் உருகும் வாசனையும் உள்ளே வரும். மரத்தூள் விழுந்தாலும் பாதகமில்லை என்று ஜன்னலோரத்து அடுப்பில் வீட்டுக்கார அக்கா எப்போதும் குளிப்பதற்கான வெந்நீரைத்தான் வைப்பார்.

நான் அப்போது அந்த வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். வேலை முடிந்து வந்ததும் படியேறுவதற்குமுன் கொட்டகையில் ஒரு நிமிடம் நிற்கலாமே என்று நிற்பேன். சோறு ஆறிவிட்டது என்று அக்கா சத்தம் போடும்வரை நின்றுகொண்டிருப்பேன்.

வேலை மூன்று பேருடையது. வயர் வேலை அக்காவின் கணவர். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் அவர் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்திருப்பார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் பையிலிருந்து மீசைபோலத் தொங்கும். தெருவில் அவருக்கு மீட்டர் என்றே பெயர். மரவேலை அக்காவின் தம்பி. அவரை ரம்பம் என்பார்கள். ரம்பம் போடுகிறவன் என்றால் ஓயாமல் பேசி ஆளைக் கொல்கிறவன் என்று அர்த்தம். இவரோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதனாலேயே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அக்கா தெருவுக்கே அக்கா. பெட்டிக்கு மேல் கறுப்புத் துணி ஒட்டுவது அவர் வேலை. அதைவிடப் பெரிய வேலை கேட்பது. எல்லாம் பொருத்தி முடிந்ததும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்பார். அவர் தீர்ப்புச் சொல்லாமல் எந்தக் காரும் கொட்டகையைவிட்டுப் போனதில்லை. தீர்ப்பெல்லாம் சமையல் பாஷையில்தான் வரும். "தண்ணியா இருக்கு" என்றால் கீழ்ச்சத்தம் போதவில்லை. "அடி பிடிக்குது" என்றால் ஆம்ப்ளிஃபயரைத் தாங்க முடியாத அளவுக்குத் திருகிவைத்திருக்கிறார்கள், சத்தம் கருகுகிறது. "இறக்கிடலாம்" என்றால் மீட்டர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார்.

கீழ்ச்சத்தம் என்று அவர்கள் சொன்னது பேஸ். அதற்கு ஏன் இத்தனை பாடு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ரம்பம்தான், ஏதோ நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாள், வெறும் ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துப் பாட்டை ஓடவிட்டுக் காட்டினார். தட்டு அகலக் கூம்பு முன்னும் பின்னுமாக அடித்துக்கொள்கிறது. சத்தம் மட்டும் ஒரு கொசு அளவுக்கு வருகிறது. காரணம் எளிமையானதுதான். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் ஒரு பள்ளம் விழுகிறது. தள்ளிய காற்று விளிம்பைச் சுற்றி ஓடிவந்து அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. உழைப்பெல்லாம் அங்கேயே தீர்ந்துபோகிறது. அப்புறம் அவர் அதே ஸ்பீக்கரை ஒரு மரப்பெட்டியின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. முன்காற்றையும் பின்காற்றையும் சந்திக்கவிடாமல் பிரித்துவைக்கத்தான் பெட்டி. அதனால்தான் அவர் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் கோந்து தடவி, விளக்கை உள்ளே வைத்து எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துத்தான் மூடுவார்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து, அதுவும் வாடிக்கையாளர் முன்னால், மீட்டர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "பெட்டி லீக்குங்க. மாப்ள கோந்த ஒழுங்கா வைக்கல."

ஒரு துணிக்கடைக்காரரின் கார் அது. பாட்டுப் போட்டால் பின்னாலிருந்து கிடுகிடுவென்று ஒரு நடுக்கம் கேட்டது. ரம்பம் கையிலிருந்த இழைப்புளியைப் பலகைமேல் வைத்தார். உள்ளே போய்க் குளித்தார். மழைக்காலம் ஆரம்பித்த வாரம் அது. மழை விடும் தறுவாய் வந்தும் அவர் மாமாவிடம் பேசவில்லை.

பேசவில்லையே தவிர வேலை நிற்கவில்லை. ஒரே கொட்டகை, ஒரே காரின் இரண்டு பக்கம், நடுவில் ஜன்னலில் அக்கா.

"அக்கா, ஆம்ப்ளிஃபயர் எங்க உக்காரப் போகுதுன்னு கேளு. பலகை வெட்டணும்."

"என்னங்க, எங்க உக்காரப் போகுதாம்?"

"சீட்டுக்குப் பின்னாடின்னு சொல்லு. பெட்டி மேல வேண்டாம், ஆட்டத்துல ஸ்க்ரூ கழண்டுரும்னு சொல்லு."

"தம்பி, சீட்டுக்குப் பின்னாடியாம்."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சுல்ல? அப்புறம் நான் எதுக்குடா நடுவுல தொண்டத்தண்ணி வத்த?"

"அவருக்குப் பதில் நான் சொல்லல. உனக்குத்தான் சொன்னேன்."

மீட்டர் காருக்கு அடியிலிருந்து: "எனக்கும் காது கேக்கும்னு சொல்லு."

இதையெல்லாம் முதலில் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். அக்காவும் சிரித்தார். பிறகு ஒரு நாள், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரம்பம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, வெளியூர்ல அலமாரி செய்யிற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. இப்ப வந்திருக்கிற டாக்ஸி வேலை முடிஞ்சதும் கிளம்புறேன். வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

மீட்டர் முட்டைப் பொரியலை ஒரு வாய் எடுத்தவர் மென்றுகொண்டே இருந்தார். விழுங்க நேரமானது.

அன்று சாயங்காலம் துணிக் கொடியில் காயாத துணிகளைத் திருப்பிப் போட்டபடி அக்கா என்னிடம் சொன்னார்: "போறதப் பத்தி இல்ல, மாடி சார். வயசுப்பையன், நாலு ஊரப் பாக்கட்டும். பேசாம போறானே, அதுதான். எங்க அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தான். என்ன சண்டைன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. சித்தப்பா மூட்டைய எடுத்துக்கிட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நின்னாரு. அப்பா ரேடியோவத் திருகிக்கிட்டே இருந்தாரு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டாரு. அப்புறம் அப்பாவத் தூக்குறப்பதான் வந்தாரு."

ஒரு சட்டையை உதறி மறுபடி அதே இடத்தில் போட்டார். "இவனும் பேசாம பஸ் ஏறினா அவ்வளவுதான். எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் அவர் ஜன்னலில் நின்று அறிவித்தார்: "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இன்னியோட தபால் ஆபீஸ் மூடியாச்சு. டீ வரும். சோறு வரும். சேதி வராது. ஏதாவது சொல்லணும்னா அவங்கவங்க வாயத் தொறந்து சொல்லிக்குங்க."

ஜன்னல் கதவைச் சாத்தினார். வேலை என்றால் பேசித்தானே தீரவேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்றை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு பேருக்குப் பேசாமலே வேலை பார்க்கவும் தெரியும்.

டாக்ஸிக்காரர் நடுத்தர வயதைத் தாண்டியவர். காரும் அப்படித்தான். ஆனால் கதவு சாத்தினால் இன்னும் புதுக்கார்போலக் கேட்கும், அப்படி வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் வைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வருவார்கள். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டால் போதும் என்றார்.

"தம்பி, நான் முன்னாடி ஒரு பாட்டுக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்சேன்" என்றார் மீட்டரிடம். "கல்யாணம், காதுகுத்து, ஆண்டுவிழா, எல்லாத்துக்கும் போவோம். ஒரே ஒரு கச்சேரிய யாரோ பதிவு பண்ணியிருக்கான். போன மாசம்தான் கைக்குக் கிடைச்சுது. போட்டுக் கேட்டேன். பாடுனவன் இருக்கான். வயலின் இருக்கு. முன்வரிசையில ஒருத்தர் இருமுறாரு, அதுகூட இருக்கு. நான் மட்டும் இல்ல."

மீட்டர் சிரித்தார். "நீங்க இருப்பீங்கண்ணே. கதவு ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதானே. அதுக்கு உங்க சத்தத்தத் தள்ள முடியாது. உள்ளதான் உக்காந்திருப்பீங்க."

"அப்போ வெளிய கொண்டுவா தம்பி. என் பேரன் கேக்குறான், தாத்தா நீங்க நிஜமா வாசிச்சீங்களான்னு."

இரண்டு ஸ்பீக்கர் வைப்பது என்று முடிவானது. அந்தக் காரின் டிக்கியில் ஒரு சிக்கல் இருந்தது. இடப்பக்கம் மாற்றுச் சக்கரம் மேடாக நிற்கும். அதன்மேல் உட்காரும் பெட்டிக்கு அந்தப் பாதியில் ஆழம் கிடைக்காது. ஸ்பீக்கரின் பின்னால் தொங்கும் காந்தம் பெட்டியின் முதுகில் இடிக்கும். ரம்பம் இரண்டு நாள் அளவுகோலோடு டிக்கியில் படுத்துக் கிடந்தார். கடைசியில் இடப்பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் குப்புறக் கவிழ்த்து, காந்தம் வெளியே தெரிய மாட்டினார். நடுவில் ஒரு பலகை வைத்துப் பெட்டியை இரண்டு அறையாகப் பிரித்தார். காந்தத்துக்கு மேல் கம்பி வலை போட்டார். பார்க்கவே லட்சணமாக இருந்தது.

கவிழ்த்து மாட்டுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே கரண்ட்தான் போகிறது. நேராக இருப்பது வெளியே தள்ளும்போது கவிழ்ந்திருப்பதும் தன் போக்கில் முன்னால்தான் தள்ளும். ஆனால் அதற்கு முன்பக்கம் என்பது பெட்டியின் உள்பக்கம். ஒன்று காரை நோக்கிக் காற்றைத் தள்ள, மற்றது காரிலிருந்து இழுக்கும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்த கதைதான். அதற்கு வழி, கவிழ்ந்த ஸ்பீக்கரின் வயரை மட்டும் சிவப்பும் கறுப்புமாக இடம் மாற்றிக் கொடுப்பது. அப்போது இரண்டும் ஒன்றாகத் தள்ளும், ஒன்றாக இழுக்கும்.

ரம்பத்துக்கு இது தெரியும். கவிழ்த்து மாட்டும்போதெல்லாம் அவர் பெட்டிக்கு உள்ளேயே, வெளி வயர் செருகும் தகட்டின் முதுகில், இடம் மாற்றி ஈயம் வைத்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது; வயர் வேலைக்காரர் சிவப்பைச் சிவப்பில் செருகினால் போதும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது இரண்டே வார்த்தை சொல்வார்: "உள்ள மாத்தியாச்சு." அவருடைய அன்றாடப் பத்து வார்த்தையில் இரண்டு அதற்கே போய்விடும்.

இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினார். சாத்தியிருந்தது. வாயை மூடிக்கொண்டு பெட்டியை டிக்கியில் இறக்கினார்.

மீட்டர் தன் பங்குக்குக் காரைப் பிரித்துப் போட்டிருந்தார். அவர் வேலையைப் பார்ப்பதற்கென்றே நான் அந்த வாரம் விடுப்புக்கூட எடுத்திருப்பேன். பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் ஒரு வயர். பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்திலேயே ஃப்யூஸ்; வழியில் எங்காவது வயர் உரசித் தீப்பிடிக்கப் போனால் ஃப்யூஸ் முதலில் போகட்டும் என்று. இஞ்சின் அறைத் தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம். கரண்ட் வயர் காரின் வலப்பக்கம் கால்மிதிக்கு அடியில் ஓடும். பாட்டுக் கொண்டுவரும் மெல்லிய வயர் இடப்பக்கம். இரண்டும் பக்கத்தில் படுத்தால் இஞ்சின் முனகுவதெல்லாம் பாட்டில் கேட்கும். "மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில படுக்கவைக்கக் கூடாது சார்" என்பார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார், சிரிப்பு வருகிறதா என்று. அந்த வாரம் ஜன்னல் சாத்தியிருந்தது.

கடைசியாகப் பெட்டி. வலைக்கம்பி வழியாக விளக்கடித்துக் கவிழ்ந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். வயரைப் பற்றவைக்கும் அதன் காதில் சிவப்பு வயர் சிவப்பிலேயே இருந்தது. மாற்றவில்லை என்று நினைத்தார். மாற்றியிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்குமே. தலையை ஆட்டிக்கொண்டார். 'கோபத்துல இதையும் விட்டுட்டான்' என்ற முகம். வெளித் தகட்டில் சிவப்பையும் கறுப்பையும் தானே இடம் மாற்றிச் செருகினார். அவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. டாக்ஸிக்காரர் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டு, மேடையேறப் போகிறவர்போல வந்திருந்தார். ரம்பத்தின் பெட்டி படுக்கை வாசலறையில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மதியம் பஸ்.

ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. நிறையப் பேர் அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்து முழுக்கத் திருகிவைத்து ஸ்பீக்கரை எரித்துவிடுகிறார்கள். அது சத்தத் திருகு அல்ல. முன்னாலிருக்கும் பாட்டுக் கருவி எவ்வளவு பலமாகப் பேசுகிறதோ, அதற்கேற்றபடி ஆம்ப்ளிஃபயரின் காதைத் திறந்துவைப்பது அது. மீட்டர் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினார். கீழ்ச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் பேஸ் பூஸ்டைப் பூஜ்யத்தில் வைத்தார். பாட்டுக் கருவியை முக்கால் சத்தத்துக்கு ஏற்றினார். அதற்குமேல் அந்தக் காரில் சத்தம் இனி எப்போதும் போகக்கூடாது. ஒரே சீராக முனகும் ஒரு சத்தத்தைப் பாட்டுக்குப் பதிலாக ஓடவிட்டார். ஆம்ப்ளிஃபயரின் வாயில் மீட்டரின் இரண்டு வயர்களையும் வைத்து, ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்கு எண் வரும்வரை திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். நின்றார். திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தார். அக்காவின் நகப்பூச்சு அந்த வீட்டில் அதற்குத்தான் பயன்பட்டது.

ஸ்பீக்கர் வயர்களை முன்போலவே மாட்டினார். ஜன்னல் திறந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் டாக்ஸிக்காரர். கச்சேரி ஆரம்பித்தது.

பாடகர் பாடினார். வயலின் வந்தது. முன்வரிசைக்காரர் இருமினார். டாக்ஸிக்காரரின் இடக்கை விரல்கள் தொடையில் கிட்டார் கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. காது எதையோ தேடுவது முகத்தில் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏமாந்தவர்கள் மரியாதைக்குச் சொல்வது.

அக்கா கண்ணைத் திறந்தார். "தண்ணியா இருக்கு. தண்ணிகூட இல்ல, வெறும் சட்டிதான் இருக்கு."

மீட்டர் டிக்கியில் கைவைத்துப் பார்த்தார். பெட்டி அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கூம்புகள் நன்றாக அடித்துக்கொண்டன. பொதுவாகக் காற்றைப் பார்த்து, "கரண்ட் சரியாத்தான் வருது. அளந்தாச்சு" என்றார்.

ரம்பம் தூணைப் பார்த்து, "பெட்டியில கசிவு இல்ல. விளக்கு வச்சுப் பாத்தாச்சு" என்றார்.

"அப்போ என் காதுதான் லீக்கா?" என்றார் அக்கா.

டாக்ஸிக்காரர் சங்கடப்பட்டு, "விடும்மா. அந்த நாள்ல ஒருவேளை நான் சரியா வாசிக்கலையோ என்னவோ" என்றார்.

அந்தப் பேச்சு மீட்டரைச் சுட்டது. ஒரு ஸ்பீக்கர் செத்திருக்கும் என்று நினைத்து, இடப்பக்கத்து வயரைப் பிடுங்கிவிட்டு, "மறுபடி போடு" என்றார்.

கொட்டகைத் தகரத்தில் தங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் சடசடவென்று கொட்டியது. டாக்ஸிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுக்கு அடியிலிருந்து, ஒருவர் நிதானமாக நடந்து வருவதுபோல, பேஸ் கிட்டார் வந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றார் அவர். "இதுதான். நான்தான் அது."

மீட்டருக்கு அது போதவில்லை. இடப்பக்கத்து வயரை மாட்டி, வலப்பக்கத்தைப் பிடுங்கினார். அப்போதும் பேஸ் வந்தது, அதே பலத்தில். இரண்டையும் மாட்டினார். போய்விட்டது.

"இதென்ன கூத்து?" என்றார் டாக்ஸிக்காரர். "ஒருத்தன் இருந்தா சத்தம் வருது. ரெண்டு பேரும் சேந்தா வரலியே."

மீட்டரும் ரம்பமும் ஒரே நேரத்தில் டிக்கிக்குள் குனிந்தார்கள். தோளும் தோளும் இடித்துக்கொண்டன. ஒருவர் வெளித் தகட்டைப் பார்த்தார், மற்றவர் அதில் செருகியிருந்த வயரின் நிறத்தைப் பார்த்தார். எனக்கே புரிந்துவிட்டது, அவர்களுக்குப் புரியாமல் இருக்குமா. ஆனாலும் இருவரும் குனிந்தபடியே நின்றார்கள்.

அக்கா இறங்கி வந்தார். "என்னன்னு எனக்கும் யாராவது சொல்லுங்க."

அக்கா அவர்கள் முதுகைப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய், சுவர்க் கடிகாரத்தின் முதுகிலிருந்து செல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கரில் எது சிவப்பு, எது கறுப்பு என்று எழுத்து அழிந்திருந்தால் அந்தக் கொட்டகையில் செய்யும் சோதனை அது. செல்லின் இரண்டு முனையிலும் வயரைத் தொட்டால் கூம்பு ஒரு துள்ளு துள்ளும். எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர்களைக் கழற்றிச் செல்லில் வைத்தார். வலப்பக்கம்: டப். கூம்பு வெளியே வந்தது. இடப்பக்கம்: டப். வலைக்குள் கூம்பின் முதுகு பெட்டிக்குள் போனது. மறுபடி வைத்தார். டப், வெளியே. டப், உள்ளே.

"ஒண்ணு போன்னுது, ஒண்ணு வான்னுது" என்றார். "இது யாரு பண்ண வேலை?"

டாக்ஸிக்காரர் எதுவும் புரியாமல் தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள மாத்திட்டியா?" என்றார் மீட்டர். டிக்கிக்குள் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் நடுவில் அக்கா இல்லை.

"எப்பவும் மாத்துறதுதானே" என்றார் ரம்பம்.

"நான் வெளிய மாத்திட்டேன்."

"ஏன் மாத்துனீங்க?"

"ஸ்பீக்கர் காதுல செவப்பு செவப்புலயே இருந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"நான் என்னிக்கு மறந்திருக்கேன், மாமா?"

மாமா என்ற சொல் வந்ததும் அக்கா செல்லை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டடி தள்ளிப் போய்விட்டார். எங்கே தன் மூச்சுச் சத்தம் கேட்டு அவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தவர்போல.

மீட்டர் குனிந்து வெளித் தகட்டில் வயர்களை நேராக்கினார். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் அவர் நிமிரவில்லை.

"மாப்ள, அந்தத் துணிக்கடைக்காரர் வண்டி" என்றார். "அன்னிக்குப் பெட்டியில ஒண்ணும் இல்ல. நம்பர் பிளேட்டுதான் ஆடிச்சு. மறுநாள் நான் ஒரு ரப்பர் வாஷர் போட்டேன். நின்னுருச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க போட்ட அன்னிக்கே அவர் கடைக்குப் போயி வண்டியப் பாத்தேன். வாஷர் புதுசா இருந்துச்சு."

"அப்போ ஏண்டா ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

மீட்டர் சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி பையிலேயே வைத்தார். "தப்புதான்" என்றார்.

"இதச் சொல்ல ஒரு மழைக்காலமா?" என்றார் அக்கா தூணுக்குப் பின்னாலிருந்து. உடனே அதட்டினார்: "மாட்டியாச்சுன்னா போடுங்க. மனுஷன் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

இந்த முறை அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. அதில் டாக்ஸிக்காரரை உட்காரச் சொன்னார். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார் அவர். வெளியே எங்களுக்குக் கேட்டது மிகக் குறைவு. காரின் கூரையில் உட்கார்ந்திருந்த மழைத்துளிகள் மட்டும் தாளத்துக்குத் தாளம் நடுங்கின. கண்ணாடிக்குள்ளே அவர் இடக்கை தொடையில் ஏறி இறங்கியது. ஓரிடத்தில் நின்று, முகத்தைச் சுளித்து, தனக்குத்தானே சிரித்தார். பிறகு இறங்கியதும் சொன்னார்: "ரெண்டாவது பாட்டுல ஒரு இடம் தப்பா வாசிச்சிருக்கேன். இத்தன வருஷம் அது எனக்குத் தெரியாது. அன்னிக்கு மேடையில யாருக்கும் தெரியல." அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் பார்த்த நினைவில்லை.

அக்கா தலையை மட்டும் கார் ஜன்னலுக்குள் நுழைத்து ஒரு நிமிடம் கேட்டார். "இறக்கிடலாம்" என்றார்.

ரம்பம் மதியப் பஸ்ஸில் போகத்தான் செய்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. பெட்டியை மீட்டர்தான் தலையில் வைத்துக்கொண்டு நிறுத்தம்வரை போனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள் என்று சொல்ல ஆசைதான். அக்கா வாசலிலிருந்து பார்த்தவரை பேசவில்லை. ஆனால் பஸ் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாக ரம்பம் தலையை நீட்டி எதையோ சொன்னாராம்; மீட்டர் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடினாராம். என்ன சொன்னான் என்று அக்கா கேட்டதற்கு, "அரம் ரெண்டாவது அலமாரியில இருக்காம்" என்றார்.

அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் வெகுநாள் ஓடவில்லை. செல் அக்காவின் முந்தானையிலிருந்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் வேறு செல் வாங்கிப் போடவும் இல்லை. மணி பார்க்க என்னைத்தான் கேட்பார்கள்.

பெட்டி செய்வதை ரம்பம் விடவில்லை. கம்பெனி வேலை முடிந்து மாலையில் செய்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். மீட்டர் அளவு சொல்லி அனுப்புவார். பெட்டி வருவதற்கு முதல்நாள் சமையலறைத் தொலைபேசி அடிக்கும். மீட்டர் காருக்கு அடியிலிருந்து எழுந்து, கிரீஸ் கையோடு ஓடிவந்து, ஜன்னல் வழியாகவே கையை நீட்டி ரிசீவரை எடுப்பார்.

"மாப்ள, உள்ள மாத்திருக்கியா? … சரி, அப்போ நான் மாத்தல. … சாப்பிட்டியா? … இங்க மழைதான். அங்க?"

பேச்சு போய்க்கொண்டே இருக்கும். அக்கா வெந்நீர் அடுப்பைத் தணித்துவிட்டு, சத்தம் வராமல் பாத்திரம் துடைப்பார்.

ஒருநாள் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மறுநாள் வரப்போவது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி என்று எனக்குத் தெரியும். ஒற்றை ஸ்பீக்கர் தன்னோடு தானே சண்டை போடாது. எப்படி மாட்டினாலும், கேட்டுப் பார்த்து ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு கறுப்பை இடம் மாற்றும் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினால் முடிந்தது. உள்ளே மாற்றவும் வேண்டாம், வெளியே மாற்றவும் வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

"அக்கா, அந்தப் பெட்டியில ஒரே ஸ்பீக்கர்தானே?" என்றேன். "அதுல மாத்துறதுக்கு என்ன இருக்கு?"

அக்கா துடைத்துக்கொண்டிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா, சார். அவங்களுக்கு ஞாபகப்படுத்திடாதீங்க."